தரங்கம்பாடி முதல் கீழ்ப்பாக்கம் வரை: லுத்தரன் இறையியல் கல்லூரிகளில் ஆய்வு எப்படித் தேய்ந்தது?

1985 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் பெயர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து தொழில் செய்தவர். இப்படித் தொழில் செய்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் காரணம். கிறித்தவர் ஆகிவிட்டால் நீ பட்டியல் சாதி அல்ல என்கிறது அந்தப் பத்தி.

இந்த வழக்கை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் தீர்ப்பில் ஓர் இடத்தை நம் இளைஞர்கள் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, பழைய சமூகத்தில் இருந்த அதே கொடுமை புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி நிறுவும் அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்றும் சொன்னது.

ஆய்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், தோழர்களே. இந்தியாவில் சீர்திருத்த கிறித்தவத்தின் முதல் மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். சூசை நீதிமன்றத்தில் நின்றது 1985இல். இடையில் 279 ஆண்டுகள். இந்த 279 ஆண்டுகளில் லுத்தரன் மிஷன் அகராதி எழுதியது, இலக்கணம் எழுதியது, திருக்குறளை மொழிபெயர்த்தது, சைவ சித்தாந்தத்தை ஜெர்மனியில் அறிமுகம் செய்தது. சபையில் உட்கார்ந்திருந்த பறையர் வீட்டு மனிதனுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் ஓர் ஆய்வு நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"அந்தக் காலத்துப் பாதிரிமார் எவ்வளவு படித்தவர்கள், இன்றைக்கு இறையியல் கல்லூரிகளில் படிப்பே இல்லை" என்ற புலம்பலை நாம் அடிக்கடி கேட்கிறோம். புலம்பலில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பு தேய்ந்தது, யாருக்கான படிப்பு தேய்ந்தது என்று கேட்காமல் அந்தப் புலம்பலில் நாமும் சேர்ந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மணலில் எழுதிய பாதிரியார்

பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி வைத்தவர்கள். ஆனால் படிப்பு ஜெர்மனியின் ஹாலே நகரத்தைச் சேர்ந்தது. அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கே நடத்திய கல்வி நிறுவனங்கள் அன்றைய ஐரோப்பாவில் பெயர் பெற்றவை.

சீகன்பால்குக்கு அப்போது வயது 23. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தன் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்தார். எழுபது வயது மதிக்கத்தக்கவர் அந்த ஆசிரியர். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் சீகன்பால்கு. இரண்டு ஆண்டுகளில், 1708இல், தன்னிடம் சேர்ந்த ஓலைச்சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119. அன்று எந்தெந்த நூல்கள் மக்களிடம் புழங்கின என்று அறிய இன்றும் ஆய்வாளர்கள் அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறார்கள். நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1716இல் தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. அதே ஆண்டு தரங்கம்பாடியில் உள்ளூர் ஊழியர்களுக்காக ஒரு சிறிய பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நம் நாட்டின் லுத்தரன் இறையியல் கல்லூரிகளுக்கெல்லாம் விதை அதுதான். 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

இது பெரிய உழைப்பு. அதை மறுப்பது நம் வேலை அல்ல. ஆனால் அந்தப் பொற்காலத்துக்குள்ளேயே இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை, அனுப்பியவர்களே அந்த அறிவை விரும்பவில்லை. தென்னிந்தியக் கடவுளர் பற்றி 1713இல் சீகன்பால்கு ஒரு நூல் எழுதி அனுப்பினார். சிவன், விஷ்ணு மட்டுமல்ல, மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் என்று ஊர்த் தெய்வங்களும் அதில் உண்டு. பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1711இல் எழுதிய இன்னொரு நூல் 1926இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஒன்று 154 ஆண்டு, மற்றொன்று 215 ஆண்டு அலமாரியில் கிடந்தன. திருச்சபை தனக்கு வசதியான அறிவை அச்சிடும், வசதியில்லாத அறிவைப் பூட்டி வைக்கும். இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல.

இரண்டாவது ஓட்டை, அந்த அறிவை யார் கொடுத்தார்கள் என்பது. 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். 99 பதில் கடிதங்கள் ஜெர்மனில் அச்சாயின. சுவடி வாசிக்கத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் மேல்சாதியினர், தங்கள் சமூகத்தைப் பற்றித் தாங்களே சொன்ன சொற்கள் அவை. சேரியிலிருந்து பேசிய குரலை அங்கே தேடினால் ஏமாந்து போவோம். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி சேரி மக்கள். ஆனால் 'மலபார் மக்கள் என்ன நினைக்கிறார்கள்' என்று ஐரோப்பா படித்தது வேறு மக்களின் நினைப்பை.

ராஜநாயக்கன் ஏன் குரு ஆகவில்லை?

இந்தப் பெயரை ஒவ்வொரு தலித் கிறித்தவ மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். தஞ்சாவூர் அரசரின் படையில் வீரர். கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமப் பகுதி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை வாசித்தே லுத்தரன் சபைக்கு வந்தார். 1720களின் இறுதியிலிருந்து உபதேசியாராகத் தஞ்சாவூர்ப் பகுதியில் உழைத்தார். தஞ்சாவூரில் லுத்தரன் சபை வேர் பிடித்ததில் அவருடைய பங்கு பெரியது. 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஏன் குரு ஆகவில்லை? 1733இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். கடலூர் வெள்ளாளர். 1741இல் இரண்டாவது குருவைத் தெரிவு செய்யும் நேரம் வந்தது. ராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஒரு பறையர் கையிலிருந்து வெள்ளாளர் நற்கருணை வாங்குவார்களா, வாங்காவிட்டால் அந்தச் சடங்கின் மதிப்பே குறைந்துபோகுமே என்று தயங்கினார்கள். தியோகு என்பவரைக் குருவாக்கினார்கள். இந்தத் தயக்கத்தை எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்க முடியாது. மிஷனரிகளே எழுதி வைத்தது.

நற்கருணை என்றால் என்ன? ஒரே அப்பம், ஒரே பாத்திரம், எல்லோரும் ஒரே உடல். அந்தச் சடங்கைக் காப்பாற்றுவதற்காக அந்தச் சடங்கின் பொருளையே விட்டுக்கொடுத்தார்கள். லுத்தரின் இறையியலைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் இதைச் செய்தார்கள். எல்லா விசுவாசிகளும் குருக்கள் என்று போப்புக்கு எதிராக எழுதியவர் லுத்தர். அவருடைய பிள்ளைகள் தஞ்சாவூரில் ஒருவரைக் குருவாக்க வெள்ளாளரின் முகத்தைப் பார்த்தார்கள்.

தரங்கம்பாடியில் 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிக் கிறித்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறித்தவர்கள் ஒரு பக்கம் என்றுதான் இருக்கை. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்று இந்த ஆவணங்களில் ஏற்கெனவே இருந்தது. 1710 முதல் 1772 வரை ஹாலேயில் 108 பகுதிகளாக அச்சான மிஷன் அறிக்கைகளும், அச்சேறாத கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலேயின் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. மொழி ஜெர்மன். கையெழுத்துப் படிகளை வாசிக்கப் பழைய ஜெர்மன் கையெழுத்தும் தெரிய வேண்டும். நம் கல்லூரிகளில் இதைக் கற்றுக்கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

குறளைப் படித்தார்கள், சேரியைப் படிக்கவில்லை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலேயின் உற்சாகம் வற்றியது. பகுத்தறிவுவாதம் ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பிடித்தது. மிஷன் வேலைக்கு வரும் இளைஞர் குறைந்தார்கள். திருக்குறளை 1803இல் ஜெர்மனில் வெளியிட்ட காமரர் 1837இல் தரங்கம்பாடியில் இறந்தபோது பழைய மிஷனும் ஏறக்குறைய அவரோடு முடிந்தது. லுத்தரன் அறிவுலகம் தரங்கம்பாடியில் தேய்ந்தது அப்போதே ஒருமுறை நடந்துவிட்டது.

1840களில் லைப்சிக் மிஷன் அந்த இடத்தில் வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் உண்மையிலேயே பெரிய அறிஞர். 1849 முதல் 1853 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்து தமிழ் கற்றார். தமிழ் நூல்களை வரிசையாகப் பதிப்பித்தார். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் கொடுத்தார். மிஷனரிகளுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான்.

அதே கிரவுல்தான் சாதி விஷயத்தில் தாராளமாக நடக்கச் சொன்னார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியை ஒழிக்கும் தீர்மானத்தை எடுத்தது. மற்ற சீர்திருத்த மிஷன்கள் ஏற்ற அந்த நிலைப்பாட்டை லைப்சிக் ஏற்கவில்லை. சாதியில் மூடநம்பிக்கை எது, வெறும் சமூகப் பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், பழக்கத்தை வலுக்கட்டாயமாக உடைக்கக் கூடாது என்பது கிரவுலின் வாதம். விளைவு என்ன? ஆங்கிலிக்கன் சபையில் மனம் புண்பட்ட வெள்ளாளக் கிறித்தவர்கள் லுத்தரன் சபைக்குள் வந்து சேர்ந்தார்கள். பறையர் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களுக்கு அங்கே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

லைப்சிக் மிஷனுக்குள்ளிருந்தே ஒருவர் எதிர்த்தார். கார்ல் ஓக்ஸ். சாதியோடு சமரசம் செய்ய மாட்டேன் என்று வெளியேறினார். 1860இல் கிழக்கிந்தியாவில் சாதி பற்றியும், பழைய லுத்தரன் மிஷனுக்குள் சாதி நுழைந்த வரலாறு பற்றியும் ஒரு நூலை ஜெர்மனியில் வெளியிட்டார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து மேல்பட்டாம்பாக்கம் பகுதியில் வேலை தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அங்கே. ஓக்ஸின் புலமை கிரவுலின் புலமை அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் ஆவணத்தை எடுத்து அநியாயத்தின் முன் நீட்டியவர் ஓக்ஸ்.

லைப்சிக் மிஷன் அதன் பிறகும் அறிஞர்களை அனுப்பியது. ஷோமெரஸ் சைவ சித்தாந்தம் பற்றி 1912இல் பெரிய நூல் எழுதினார், திருவாசகத்தை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். ஆர்னோ லேமன் தாயுமானவரை மொழிபெயர்த்தார். நல்ல பணிகள். ஆனால் சபையின் பெரும்பகுதி மக்கள் வாழ்ந்த தெருவில் தாயுமானவர் பாடப்படவில்லை. அங்கே பறை இருந்தது, ஒப்பாரி இருந்தது, கொத்தடிமைக் கணக்கு இருந்தது. சீகன்பால்காவது மாரியம்மனையும் பிடாரியையும் எழுதி வைத்தார். பிறகு வந்தவர்களில் ஊர்ச் சடங்குகளை ஆராய்ந்த கார்ல் குஸ்தாவ் டீல் போன்ற ஒரு சிலரே அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நம் கையில் வந்த காலம்

முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. 1956இல் ராஜா மாணிக்கம் அதன் முதல் தமிழ் பிஷப் ஆனார். நிர்வாகம் தமிழர் கைக்கு வந்தது. அறிவு யார் கைக்கு வந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் 1980களில் கிடைத்தது. 1981இல் பெங்களூரின் யுனைடெட் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஓர் உரை ஆற்றினார். இந்தியக் கிறித்தவ இறையியல் என்று இதுவரை பேசியதெல்லாம் பிராமணத் தத்துவத்தோடு நடத்திய உரையாடல், சபையில் இருப்பவர்களோ பெரும்பான்மை தலித்துகள், அவர்களுடைய அனுபவம் இறையியலில் எங்கே என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். 1980களின் பிற்பகுதியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்குத் தனித் துறை உருவாகி, நிர்மல் அதன் தலைவரானார். சூசை தீர்ப்பு வந்து சில ஆண்டுகளில் இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தங்கள் மூதாதையை அலைந்து திரிந்த அரமேயன் என்று நினைவுகூருவார்கள். நிர்மல் அந்த இடத்தில் தலித் மூதாதையை நிறுத்திப் பார்த்தார். அந்த அரமேயனுக்கு அலைய வழியாவது இருந்தது, நம் மூதாதைக்கு ஊருக்குள் நடக்கக்கூட வழி இல்லை. வேதாகமத்தை வாசிக்கும் இடமே இதனால் மாறியது. குருகுலிலிருந்து தொகுப்பு நூல்கள் தொடர்ந்து வந்தன. வே. தேவசகாயம் தொகுத்த நூல்களில் தலித்துகள், பெண்கள் பற்றிய கட்டுரைகளும், பாளையத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் கண்ணோட்டத்தில் வேத ஆய்வுகளும் இருந்தன. லுத்தரன் திருச்சபைகளும் பங்கேற்கும் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையிலேயே இறையியல் செய்தார். கர்நாடக சங்கீதக் கீர்த்தனையே கிறித்தவத் தமிழ் இசை என்று இருந்த இடத்துக்குள், சேரியின் தாளத்தையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார்.

என் கணக்கில் லுத்தரன் இறையியல் கல்லூரிகளின் பொற்காலம் 1710கள் அல்ல, 1980களின் இறுதியும் 1990களும். 250 ஆண்டுக்கு மேல் ஆய்வுப் பொருளாகக்கூட எடுத்துக்கொள்ளப்படாத மக்கள் ஆய்வாளர்கள் ஆன காலம் அது. ராஜநாயக்கனின் பேரப்பிள்ளைகள் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு மறுக்கப்பட்ட நற்கருணையைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள்.

எப்படித் தேய்ந்தது?

நிர்மல் 1995இல் மறைந்தார். பரட்டை 2005இல் மறைந்தார். மனிதர்கள் போவார்கள், அது இயற்கை. ஆனால் ஒரு துறை ஒருவரோடு மெலிந்துபோகிறது என்றால் அதன் அடியில் வேறு காரணங்கள் இருக்கும். எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பணம். நம் கல்லூரிகளின் விடுதியும் நூலகமும் பதிப்பும் நெடுங்காலம் மேற்குலகத் திருச்சபைகளின் உதவியில் நின்றன. அந்தத் திருச்சபைகளே இன்று சுருங்குகின்றன. அமெரிக்காவின் பழம்பெரும் லுத்தரன் கல்லூரிகளான கெட்டிஸ்பர்க்கும் பிலடெல்பியாவும் தனித்து நடத்த முடியாமல் 2017இல் ஒன்றாக இணைந்துவிட்டன. அங்கேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டாம். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது ஆய்வும் பதிப்பும்தான். கட்டடம் வெட்டப்படாது.

இரண்டு, வெற்றியே சிறையானது. தலித் இறையியல் பாடத்திட்டத்துக்குள் போனது. போன பிறகு அது தேர்வுக் கேள்வியாகிவிட்டது. நிர்மலின் வாதத்தை ஐந்து தலைப்பில் மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண். அவர் கேட்டதுபோல் ஒரு புதிய கேள்வியைக் கேட்டால் மதிப்பெண் இல்லை. 1990இல் எழுதிய கட்டுரைகளே இன்றும் மேற்கோள். அருந்ததியர் கிறித்தவர்கள் பற்றி, தலித் சாதிகளுக்குள்ளேயே இருக்கும் படிநிலை பற்றி, பெந்தெகொஸ்தே சபைகளுக்கு நம் மக்கள் ஏன் போகிறார்கள் என்பது பற்றி எத்தனை கள ஆய்வுகள் வந்தன?

மூன்று, மொழி. மேற்பட்டப் படிப்பும் ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது, சபைக்கு வருவதில்லை. ஆவணங்களை வாசிக்க வேண்டிய ஜெர்மனோ, சுவடி வாசிப்போ கற்றுக்கொடுக்கப்படுவதில்லை. ஆக, ஆய்வாளருக்கு முன்னால் ஆவணமும் இல்லை, பின்னால் மக்களும் இல்லை.

நான்கு, சாதி. இதை மறைத்துப் பேசினால் மற்ற மூன்றும் பொய்யாகிவிடும். பட்டம் என்பது குரு பணிக்கு, குரு பணி என்பது சபை அரசியலுக்கு, சபை அரசியல் என்பது சாதி எண்ணிக்கைக்கு என்று ஆகிவிட்டது. சபைக்குள் சாதி பற்றி ஆய்வு செய்யும் மாணவர் நாளை வேலை கேட்டுப் போக வேண்டியது அதே சபையிடம். யார் எழுதுவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். பழைய சபைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த அண்ணன் நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். "எதுக்கு தம்பி அதெல்லாம்? அதுல சாதி எல்லாம் எழுதியிருக்கும். இப்ப எடுத்தா பிரச்சினை ஆகும்" என்றார். அலமாரியின் சாவி யாரிடம் என்று அவருக்கும் தெரியவில்லை. பூட்டுக்கு வெளியிலேயே கரையான் மண் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிரச்சினை ஆகும் என்று அவர் சொன்னது சரிதான். அந்தப் பிரச்சினையைத்தான் சூசைக்கு நீதிமன்றம் கேட்டது.

ஆதாரம் யார் கொடுத்தார்கள்?

1950 ஆணையில் முதலில் இந்துக்கள் மட்டும். 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2008இல் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காக சதீஷ் தேஷ்பாண்டே, கீதிகா பாப்னா இருவரும் அதுவரை வந்த சமூக அறிவியல் ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தலித் கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் பட்டியல் சாதித் தகுதியை மறுக்க வலுவான காரணம் எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. அந்த வேலையைச் செய்தது எந்த இறையியல் கல்லூரியும் அல்ல, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல். 2022இல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் அமைத்தது. மறுபடியும் அதே கேள்வி: மதம் மாறிய பின் கொடுமை தொடர்கிறதா? சான்று எங்கே?

சான்று பூட்டிய அலமாரிகளில் இருக்கிறது. கல்லறையின் நடுவே எழுப்பிய சுவரில் இருக்கிறது. உங்கள் பாட்டியின் நினைவில் இருக்கிறது. எடுத்து அடுக்க ஆள் இல்லை. இறையியல் கல்லூரிகளில் ஆய்வு தேய்ந்ததால் சில பாதிரிமார்களுக்கு எபிரேயம் வராமல் போனது என்பது சின்ன நட்டம். ஒரு மக்கள் கூட்டம் தன் வழக்கில் தன் சாட்சியை இழப்பது பெரிய நட்டம்.

எனவே மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள். உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் எங்கே இருக்கின்றன என்று விசாரியுங்கள். அனுமதி வாங்கி, கரையான் தின்பதற்குள் கைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை வரைபடமாக்குங்கள், யார் எங்கே புதைக்கப்பட்டார்கள், எந்த ஆண்டிலிருந்து என்று. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஆலயத்தில் எங்கே உட்கார்ந்தார்கள், நற்கருணைக்கு யார் முதலில் போனார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். உங்களில் இரண்டு பேராவது ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். ஹாலே ஆவணங்களைத் தேடிப்போன தமிழர்கள் ஏற்கெனவே உண்டு. பிராங்கே அச்சிட மறுத்த அந்தக் கடவுளர் நூலை 2005இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் குருகுலில் பணியாற்றிய டேனியல் ஜெயராஜ். வழி இல்லாமல் இல்லை. எழுதுவதைத் தமிழிலும் எழுதுங்கள், சபையில் வாசிக்கும்படி எழுதுங்கள்.

சீகன்பால்கு மணலில் உட்கார்ந்து எழுதக் கற்றதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மணலில் அன்று நமக்கு இடம் இல்லை. ராஜநாயக்கன் அச்சில் வந்ததைத் தானே வாசித்து, தானே முடிவெடுத்து வந்தவர். யாரும் அவரைப் படிக்க அனுப்பவில்லை, படித்த பிறகும் யாரும் மேடை ஏற்றவில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுக்கு மேல் வேலையை நிறுத்தவில்லை. கல்லூரி கைவிட்டால் நாமும் அவரைப் போலத் தொடங்க வேண்டியதுதான்.

ஜெய்பீம்.